பையனுக்கு முதலில் 74, பிறகு 68: எது சரி?

உளவியல் சோதனைகள், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.), தேர்வு மதிப்பெண் பற்றித் திருநெல்வேலி, தென்காசி வட்டார வாசகர்கள் எழுதிக் கேட்டவையும் பதில்களும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயதில் ஓரிடத்தில் ஐ.க்யூ. பார்த்து 74 என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேறோர் இடத்தில் பார்த்தோம், 68 வந்திருக்கிறது. ‘புள்ளைக்கு அறிவு குறைஞ்சிட்டே போகுதே’ என்று அவன் ஆச்சி அழுகிறார்கள். இரண்டில் எது சரி? — ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஆச்சியை முதலில் அழாமல் இருக்கச் சொல்லுங்கள். குறைந்துவிட்டது என்று சொல்ல இந்த 6 புள்ளி போதாது.

எந்தச் சோதனையும் ஒரே குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணைத் தராது. எவ்வளவு முன்பின் ஆகும் என்பதைக் கணக்கிட முடியும். இப்போதைய சோதனைகளில் சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியை விட்டு எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவை) 15 என்றும் வைப்பது வழக்கம். சோதனையின் கையேட்டில் நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் முடிவு எவ்வளவு மாறாமல் வரும் என்ற அளவு; முழுமை என்றால் 1) 0.91 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சோதனைதான். 1-இல் 0.91 போக மீதி 0.09. அதன் வர்க்கமூலம் 0.3. அதை 15-ஆல் பெருக்கினால் 4.5. இதற்கு அளவீட்டுத் திட்டப் பிழை என்று பெயர். இதைப்போல் இரண்டு மடங்கை இரண்டு பக்கமும் விட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 74 என்பது 65-க்கும் 83-க்கும் நடுவில் எங்கோ. 68 என்பது 59-க்கும் 77-க்கும் நடுவில் எங்கோ. இரண்டு எண்ணைக் கழித்துப் பார்க்கும்போது பிழையும் சேர்ந்து பெருகும்: 4.5 × 1.41 (2-இன் வர்க்கமூலம்) = 6.4. ஆகவே இரு சோதனைக்கும் நடுவே 12, 13 புள்ளியாவது விலகினால்தான் ‘மாறியிருக்கிறது’ என்று ஓரளவு உறுதியாகப் பேசலாம்.

அடுத்து, இரண்டு இடத்திலும் ஒரே சோதனையா என்று பாருங்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்குப் பரவலாக வைக்கும் பழைய சோதனைகளில் ஒன்று பினே–காமத். பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் சிமோனும் 1905-இல் தொடங்கிவைத்த வரிசையில் வந்தது இது. தார்வாடில் காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் திருத்தியமைத்தார். இன்னொன்று, வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை நாக்பூரில் மாலின் தழுவி எழுதியது. முன்னதில் மனவயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். பின்னதில் மொழிப் பகுதி, செயல் பகுதி என்று தனித்தனியாகப் பார்த்து, அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடுவார்கள். பேச்சு பின்தங்கி, கை வேலையில் கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒரே எண்ணைத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மனவயதுக் கணக்கில் நம் ஊருக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை முன்னே பின்னே மாற்றிக் கொடுத்திருப்போம். சோதனை அறையிலும் ஆதாரில் இருக்கும் அந்தத் தேதியையே சொல்வோம். மனவயது 5 வருடம் 3 மாதம், அதாவது 63 மாதம் வந்த பிள்ளைக்கு உண்மை வயது 7 வருடம் (84 மாதம்) என்றால் ஈவு 75. அதே பிள்ளைக்கு வயது ஏழரை (90 மாதம்) என்று எழுதினால் 70. சோதனையில் ஒரு விடைகூட மாறவில்லை; ஆறு மாதத் தேதி 5 புள்ளியைத் தின்றுவிட்டது. ஆகையால் சான்றிதழில் என்ன இருந்தாலும், சோதிப்பவரிடம் உண்மையான பிறந்த தேதியைச் சொல்லிவிடுங்கள்.

எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அறிக்கையில் சோதனையின் பெயர், பதிப்பு, சோதித்த தேதி, வயது (வருடம், மாதம்), எந்த மொழியில் கேட்டார்கள், ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு, பிழை எல்லை எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். பதிப்பு ஏன் என்றால், ஒப்பீட்டு அட்டவணை பழசாகப் பழசாக ஈவு ஊதிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1932-க்கும் 1978-க்கும் இடையில் சராசரி ஏறத்தாழ 14 புள்ளி ஏறியிருந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். பாட்டன் காலத்துப் பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் இன்றைய பிள்ளைக்குக் கூடுதலாகத்தானே வரும்? முதல் சோதனை பழைய அட்டவணையிலும் இரண்டாவது புதியதிலும் இருந்தால், அந்த ஒரு காரணத்தாலேயே ஈவு இறங்கியிருக்கலாம்.

70 என்ற கோடு சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் கீழே இருப்பது. நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம் அதற்குக் கீழே வருவார்கள். அந்தக் கோட்டை வைத்து மட்டும் அறிவுசார் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது. பிள்ளை தானாகப் பித்தான் போடுகிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறானா, தனியாகப் பஸ் ஏறுவானா என்கிற அன்றாடத் திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் மாதிரி தனிச் சோதனைகள் இருக்கின்றன. பெரும்பாலும் உங்களிடம் கேட்டுத்தான் நிரப்புவார்கள். செல்லம் கொடுத்து எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். ‘செய்யத் தெரியாது’ என்பதும் ‘செய்ய விட்டதில்லை’ என்பதும் வேறு வேறு.

அடுத்த முறை போகும்போது வயிறு நிறையச் சாப்பிட வைத்து, கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் கண்ணாடியோடு கூட்டிப் போங்கள். சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிட்ட தூக்கத்தில் எழுதிய சோதனை அந்த மாத்திரையைத்தான் அளக்கும். வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டாம். ஓராண்டுக்குள் அதே சோதனையைத் திரும்ப வைத்தாலும் பழக்கத்தினால் புள்ளி கூடும், முக்கியமாகக் கட்டை அடுக்கும் பகுதியில்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மூன்று பிரிவுக்கும் சேர்த்து 50 ஒரு மதிப்பெண் வினாக்களில் தேர்வு வைத்தேன். 120 பேர் எழுதினார்கள். வினாத்தாள் தேறுமா என்று மென்பொருள் எதுவும் இல்லாமல் பார்க்க முடியுமா? பி.எட். பாடம் மறந்துவிட்டது. — ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: முடியும். ஒரு நீள நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

விடைத்தாள்களை மொத்த மதிப்பெண்ணின்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். மேலே 27 விழுக்காடு, கீழே 27 விழுக்காடு எடுத்துக்கொண்டு நடுவில் இருப்பதைக் கட்டி வைத்துவிடலாம். 120-க்கு 27 விழுக்காடு 32 பேர். இந்த 27 ட்ரூமன் கெல்லி 1939-இல் காட்டியது: இரு குழுவும் ஒன்றையொன்று விட்டு நன்றாக விலகியும் இருக்க வேண்டும், ஆள் எண்ணிக்கையும் குறைந்துவிடக் கூடாது, இரண்டுக்கும் ஒத்துவரும் இடம் அது. உங்களுக்கு 40 பேர்தான் என்றால் பாதி, பாதியாகவே பிரியுங்கள்.

இனி ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு எண். மேல்குழுவில் 26 பேர், கீழ்குழுவில் 10 பேர் சரியாக எழுதியிருந்தால், கடினநிலை (சரியாக எழுதியவர் பங்கு) 36 ÷ 64 = 0.56. நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டும் வேறுபடுத்தும் திறன் (26 − 10) ÷ 32 = 0.50. நான்கு தெரிவு உள்ள வினாவுக்குக் கடினநிலை 0.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வேறுபடுத்தும் திறன் 0.40-க்கு மேல் என்றால் கைவைக்க வேண்டாம், 0.20-க்குக் கீழே என்றால் வினாவைத் திரும்பப் படியுங்கள். கழித்தல் குறியில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விடைக்குறிப்பை எடுங்கள். பல நேரம் விடைக்குறிப்பே தப்பாக இருக்கும்!

எண்ணோடு நிறுத்தாமல் தெரிவு வாரியாகவும் எண்ணுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு இப்படி ஒரு வினா: ‘தாமிரபரணியோடு சேரும் ஆறு எது? அ) சிற்றாறு ஆ) வைப்பாறு இ) மணிமுத்தாறு ஈ) நம்பியாறு.’ விடைக்குறிப்பு அ. எண்ணிப் பார்த்ததில் மேல்குழு 32 பேரில் அ 11, ஆ 1, இ 20, ஈ ஒருவரும் இல்லை. கீழ்குழுவில் அ 14, ஆ 7, இ 6, ஈ 5 என்று வைத்துக்கொள்வோம். வேறுபடுத்தும் திறன் (11 − 14) ÷ 32, அதாவது −0.09. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கூட்டமாக ‘இ’ பக்கம் போயிருக்கிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? மணிமுத்தாறும் தாமிரபரணியில்தானே விழுகிறது! இரண்டு சரியான விடை உள்ள வினா இது. பாடப்பகுதியில் சிற்றாறு மட்டும் இருந்ததால் கீழ்குழு தப்பித்தது. மணிமுத்தாறு அணைக்குப் போய் வந்த பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அடுத்த முறைக்கு இ-யில் கருமேனியாறு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரும் தொடாத தெரிவு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நான்கு தெரிவு வினா அவர்களுக்கு மூன்று தெரிவாக ஆகிவிட்டது என்று பொருள்.

அடுத்து முழுத் தாளின் நம்பகத்தன்மை. கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் 1937-இல் தந்த 20-ஆவது சூத்திரத்தைத்தான் இதற்கு எடுப்பார்கள். 120 தாளையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு வினாவிலும் சரியாக எழுதியவர் பங்கையும் தவறாக எழுதியவர் பங்கையும் பெருக்கி, 50 வினாவுக்கும் கூட்டுங்கள். 9.6 வந்ததாக வைப்போம். மொத்த மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 8 என்றால் அதன் வர்க்கமான விலக்க வர்க்கச் சராசரி 64. 9.6 ÷ 64 = 0.15. ஒன்றில் அது போக 0.85. அதை 50/49-ஆல் பெருக்கினால் 0.87. வகுப்புத் தேர்வுக்கு இது தாராளம். அவ்வளவு எண்ண நேரம் இல்லை என்றால் அதே இருவரின் 21-ஆவது சூத்திரம்: சராசரியும் திட்ட விலக்கமும் போதும். சராசரி 30 என்றால் 30 × 20 = 600; அதை 50 × 64 = 3200-ஆல் வகுத்தால் 0.1875, ஒன்றில் கழித்து 50/49-ஆல் பெருக்க 0.83. எல்லா வினாவும் ஒரே கடினம் என்று எடுத்துக்கொள்வதால் இது எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

0.87-ஐ வைத்துப் பிழையைப் பாருங்கள்: 8 × √0.13 = ஏறத்தாழ 3 மதிப்பெண். 24 வாங்கியவனையும் 26 வாங்கியவனையும் தரவரிசையில் பிரித்து உட்கார வைப்பதற்கு இந்தத் தாளுக்கு வலு கிடையாது.

எக்செல்லில் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். விலக்க வர்க்கச் சராசரிக்கு முழுத்தொகை, மாதிரி என இரண்டு செயல்பாடுகள் உண்டு. இந்தச் சூத்திரத்துக்கு முழுத்தொகைக்கானதுதான் சரி. கடைசி ஐந்தாறு வினாவைப் பலர் வெறுமனே விட்டிருந்தால், நம்பகத்தன்மை பொய்யாக உயர்ந்து காட்டும். அங்கே அளந்தது பாடத்தை அல்ல, கை வேகத்தை. நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது வினாவைக் குறையுங்கள். இன்னொன்று: எல்லோரும் சரியாக எழுதிய வினாவுக்கு வேறுபடுத்தும் திறன் பூஜ்யம்தான் வரும், அதற்காகத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி என்றால் இருக்கட்டும்.

கேள்வி: நீட்டுக்குப் படிக்கிறேன். தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக அடிக்கலாமா, விட்டுவிடலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். — மாணவர், வள்ளியூர்

பதில்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். சரிக்கு 4, தப்புக்கு −1. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரி வரவு 4 × ¼ − 1 × ¾ = 0.25. கொஞ்சம் லாபம். ஒரு தெரிவு உறுதியாகத் தப்பு என்று தெரிந்தால் 0.67, இரண்டை ஒதுக்க முடிந்தால் 1.5. ஆகவே ஒன்றையாவது ஒதுக்க முடிந்த வினாவை விடாதீர்கள். ஒன்றுமே தெரியாத 30 வினாவை அடித்தால் சராசரியாக 7.5 கிடைக்கும், ஆனால் அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 12. அந்த நாள் நமக்கு ஆகாத நாளாக இருந்தால் 10, 15 மதிப்பெண் கையை விட்டும் போகும். யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். நான்கு தெரிவுக்கு அதுதான் சரியான தண்டனை, கண்மூடி அடித்தால் வரவு பூஜ்யம்.

ஜே.இ.இ. மெயினில் வரும் ‘பெர்சன்டைல்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். 90 பெர்சன்டைல் என்றால் 90 மதிப்பெண் என்று பொருள் இல்லை. உங்கள் அமர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு 90 பேர் உங்கள் மதிப்பெண்ணையோ அதற்குக் கீழோ எடுத்தார்கள் என்பதே. காலைத் தாள் கடினம், மாலைத் தாள் எளிது என்ற குறையை இதனால் சமன்செய்கிறார்கள். இரு அமர்விலும் ஒரே தரமான கூட்டம் உட்கார்ந்திருந்தால்தான் இந்தச் சமன் நியாயம். அதனால்தான் யாருக்கு எந்த அமர்வு என்பதை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் விரல் ரேகை எடுத்து, எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்லும் சோதனைக்குப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? — கடைக்காரர், தென்காசி

பதில்: கட்ட வேண்டாம். ‘நூறு தடவை எடுத்தாலும் ஒரே முடிவு வரும், அவ்வளவு துல்லியம்’ என்று சொல்வார்கள். உண்மைதான், ரேகை மாறாது, முடிவும் மாறாது. அது நம்பகத்தன்மை மட்டும். உங்கள் கடைத் தராசு ஒவ்வொரு முறையும் சரியாக 50 கிராம் குறைத்துக் காட்டினால் அதுவும் மாறாமல்தான் காட்டும், எடை சரியாகுமா? அந்த எண் பிள்ளையின் படிப்பையோ திறமையையோ உண்மையில் முன்கூட்டிச் சொல்கிறதா என்பது ஏற்புடைமை. ரேகைக்கும் கணக்குப் பாடத்துக்கும் அப்படி உறவு இருப்பதற்கு ஆதாரம் இல்லை. விற்க வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ரேகை எடுத்த பிள்ளைகள் நாலைந்து வருடம் கழித்து எப்படிப் படித்தார்கள் என்று ஒப்பிட்ட கணக்கு இருக்கிறதா?’ வண்ண அட்டை போட்ட 30 பக்க அறிக்கை தருவார்கள், அது இருக்காது.

கேள்வி: பீடி சுற்றும் பெண்களின் பணி மனநிறைவு பற்றி ஆய்வு செய்கிறேன். ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கி முக்கூடலில் 60 பேரிடம் வாங்கினேன். 10 கூற்று, ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை வைத்துப் பார்க்கும் நம்பகத்தன்மை) 0.41. நெறியாளர் கூற்றுகளை நீக்கச் சொல்கிறார். நண்பருக்கு 0.93 வந்திருக்கிறது, என்னுடையதில் என்ன தவறு? — ஆய்வு மாணவி, அபிஷேகப்பட்டி

பதில்: எதையும் நீக்கும் முன் தலைகீழ்க் கூற்றுகளைப் பாருங்கள். ‘இந்த வேலை எனக்குச் சலித்துவிட்டது’ போன்றவற்றுக்கு 1 முதல் 5 வரையான மதிப்பைத் திருப்பிப் போட வேண்டும்: 6-இலிருந்து கழித்தால் போதும். 5 இருந்த இடத்தில் 1, 4 இருந்த இடத்தில் 2. இதை மறப்பதுதான் தாழ்ந்த ஆல்ஃபாவுக்கு முதல் காரணம். ஆல்ஃபா கழித்தல் குறியில் வந்தாலும் இதுவாகவே இருக்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவை (ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறதா என்ற அளவை) எடுத்தால், திருப்பாத கூற்றெல்லாம் கழித்தல் குறியோடு எட்டிப் பார்க்கும்.

அதன் பிறகும் தாழ்வாக இருந்தால் தமிழைப் பாருங்கள். ஆங்கிலத்து எதிர்மறையை அப்படியே கொண்டுவந்து ‘நான் நிம்மதி இல்லாமல் இல்லை’ என்று எழுதியிருந்தால், வாசலில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே பதில் சொல்பவர் எந்தப் பக்கம் தலையாட்டுவார்? ‘என் வேலையில் மனநிறைவு இருக்கிறது’ என்பதையும் ‘கூலி ஒழுங்காக வருகிறதா’ என்றே பலர் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது பாதிப் பேர் மனசைச் சொல்கிறார்கள், பாதிப் பேர் கூலியைச் சொல்கிறார்கள். ஒட்டுறவு எங்கிருந்து வரும்? இதற்கு வழி: இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும்; இரண்டையும் வைத்து ஒன்றாக்கி, ஆங்கில மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு எட்டுப் பத்துப் பெண்களிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்துக் காட்டி, ‘இதை உங்க வார்த்தையில சொல்லுங்க, அக்கா’ என்று கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப மொழிபெயர்ப்பதில் பிடிபடாத தப்பெல்லாம் இதில் பிடிபடும். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதைவிட ‘ரொம்பச் சரி, சரி, ரெண்டும் இல்லை, சரியில்லை, சரியே இல்லை’ காதுக்கு ஏறும். வந்தவரை மனம் நோகடிக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ‘சரிம்மா’ என்பார்கள்; அதனால்தான் தலைகீழ்க் கூற்று வேண்டும், ஆனால் ‘இல்லை’ போட்டுத் திருப்பாமல் வேறு சொல்லால் திருப்ப வேண்டும்.

நண்பரின் 0.93-ஐக் கண்டு பொறாமைப்பட வேண்டாம். குரோன்பாக் 1951-இல் எழுதிய ஆல்ஃபா, கூற்றின் எண்ணிக்கை கூடினாலே கூடும். கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்றால் 5 கூற்றுக்கு 0.68, 10-க்கு 0.81, 20-க்கு 0.90. வெறும் 10 கூற்றில் 0.93 வர வேண்டுமானால் சராசரி ஒட்டுறவு 0.57 இருந்தாக வேண்டும். மனநிலைக் கூற்றுகளில் அவ்வளவு ஒட்டினால், ஒரே கூற்றைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். கூற்றுகள் எல்லாம் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதற்கும் ஆல்ஃபா சாட்சி ஆகாது. அதற்குக் கூற்றுகளுக்குப் பின்னால் எத்தனை பண்பு (காரணி) இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும்; 60 பேர் அதற்குப் பற்றாது, 200 பேராவது சேருங்கள். எத்தனை காரணி என்று முடிவுசெய்ய ‘ஐகன் மதிப்பு (ஒரு காரணி எவ்வளவு விளக்குகிறது என்ற அளவு) 1-க்கு மேல்’ என்ற விதியை மட்டும் நம்பாதீர்கள். தேவைக்கு மேல் காரணிகளை அள்ளித் தரும். 1965-இல் ஹார்ன் சொன்ன இணைப் பகுப்பாய்வில், உங்கள் தரவின் அளவிலேயே தற்செயல் எண்களை உருவாக்கி, அவற்றைவிட உயர்ந்து நிற்கும் காரணிகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இலவச மென்பொருளிலேயே இதற்கு வசதி இருக்கிறது.

கேள்வி: படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் சோதனையில் வண்டிச் சக்கரத்தை எங்கள் ஊர்ப் பிள்ளை ‘பைதா’ என்றான், தப்பு போட்டுவிட்டார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் ‘சீனிக்கிழங்கு’ என்றதற்கும் அதே கதி. இது நியாயமா? — தொடக்கப் பள்ளி ஆசிரியர், ராதாபுரம்

பதில்: நியாயம் இல்லை. அந்த வினா சொல்வளத்தை அளக்காமல் ஊரை அளந்துவிட்டது. வெளியூர்க்காரர் சோதிக்கிறார் என்றால், ஏற்றுக்கொள்ளக்கூடிய வட்டாரச் சொற்களை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

ஒரு வினா உண்மையிலேயே ஓரவஞ்சனை செய்கிறதா என்று பார்க்கும் முறை இது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் சராசரியை ஒப்பிடுவதால் பயன் இல்லை. ஓர் ஊரில் பள்ளி வசதி குறைவு என்றால் எல்லா வினாவிலுமே சராசரி குறையும். மொத்த மதிப்பெண் ஒன்றாக இருக்கும் பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தத்தில் 11 முதல் 15 வரை வாங்கியவர்களில் நகரப் பிள்ளைகள் நூற்றுக்கு 60 பேர் இந்த வினாவைச் சரியாகச் சொல்லி, உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நூற்றுக்கு 30 பேர்தான் சொல்கிறார்கள், 16 முதல் 20 வரையிலும் அதே கதை என்றால், குறை வினாவில்தான். மதிப்பெண் படிகளையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக்க மான்டல்–ஹேன்செல் முறை இருக்கிறது. ‘விடிலி’ (பனைத் தொழிலாளரின் ஓலைக் குடிசை) என்றால் என்ன என்று நகரப் பிள்ளைகளிடம் ஒரு வினா வைத்துப் பாருங்கள், வஞ்சனை எதிர்ப்பக்கம் திரும்பும்!

கேள்வி: காது கேளாத குழந்தைக்கு எந்த நுண்ணறிவுச் சோதனை வைக்க வேண்டும்? — பெற்றோர், பாளையங்கோட்டை

பதில்: வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கும் பகுதி கூடாது. வைத்தால் காதைத்தான் அளக்கும். சிறு பிள்ளைகளுக்கு 10 கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தும் செகின் பலகை. மூன்று முறை வைக்கச் சொல்லி, மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் பெரியவர்களுக்கு ரேவனின் வடிவ வரிசை, 1955-இல் பாட்டியா உருவாக்கிய ஐந்து பகுதிச் செயல் சோதனை ஆகியவை உண்டு. ஆனால் பாட்டியாவில் எண்களை வாயால் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்லும் நினைவாற்றல் பகுதி ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லுங்கள். சைகை தெரிந்த ஆசிரியர் அறையில் இருக்கட்டும். காது கருவியின் பேட்டரியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ‘வினாப் பதில் கோட்பாடு’ என்று ஒன்று சொல்கிறார்களே, சாதாரண மதிப்பெண்ணுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? — பொறியியல் பட்டதாரி, சங்கரன்கோவில்

பதில்: பொங்கலுக்குப் பணகுடிப் பக்கம் இளவட்டக்கல் தூக்குவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கல்லில் மூன்றைத் தூக்கினான் என்று மட்டும் சொன்னால் அவன் வலு தெரியாது. எந்தக் கல் என்று சொல்ல வேண்டும். ஆளின் வலுவையும் கல்லின் எடையையும் ஒரே அளவுகோலில் வைப்பதுதான் இந்தக் கோட்பாடு. டென்மார்க்கின் கியார்க் ராஷ் 1960-இல் தந்த எளிய வடிவத்தில், ஆளின் திறனும் வினாவின் கடினமும் சமமாக இருந்தால் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. திறன் ஓர் அலகு கூடினால் 73, இரண்டு அலகு கூடினால் 88. இப்படி வைத்துவிட்டால் வேறு வேறு கல்லைத் தூக்கியவர்களையும் ஒப்பிடலாம். கணினியில் உங்கள் விடையைப் பார்த்து அடுத்த வினாவை எளிதாகவோ கடினமாகவோ எடுத்துத் தரும் தேர்வுகள் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. கல்லின் எடையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளச் சில நூறு பேரையாவது தூக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் செலவு. வினா வெளியே கசிந்துவிட்டால் அந்தக் கல் இலேசாகிவிடும். மறுபடி எடை போட வேண்டும்.

கேள்வி: கட்டுரைப் போட்டிக்கு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்தி, தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று போட்டோம். 100 கட்டுரையில் 80-இல் ஒத்துப்போனோம். நன்றாகத்தானே இருக்கிறது? — தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: பார்க்க நன்றாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கணக்கின்படி இருவரும் தேர்ச்சி போட்டது 70, இருவரும் தேர்ச்சியில்லை போட்டது 10. நீங்கள் தேர்ச்சி போட்டு அவர் போடாதது 12. அவர் போட்டு நீங்கள் போடாதது 8. நீங்கள் மொத்தம் 82 பேரைத் தேற்றியிருக்கிறீர்கள், அவர் 78 பேரை. இரண்டு பேரும் கட்டுரையைப் படிக்காமலே இந்த விகிதத்தில் முத்திரை குத்தியிருந்தாலும் 0.82 × 0.78 + 0.18 × 0.22, அதாவது 68 கட்டுரையில் ஒத்துப்போயிருப்பீர்கள். அதைக் கழித்தால் படித்ததனால் வந்த ஒற்றுமை 80 − 68 = 12; வந்திருக்கக்கூடியது 100 − 68 = 32. 12-ஐ 32-ஆல் வகுத்தால் 0.38. ஜேக்கப் கோகன் 1960-இல் தந்த கப்பா என்னும் அளவு இதுதான். பரிசு கொடுக்க இது போதாது.

எழுத்துப்பிழைக்கு எவ்வளவு, கருத்துக்கு எவ்வளவு என்று முதலில் இருவரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 கட்டுரையைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தி, வேறுபட்ட இடத்தில் எல்லாம் ஏன் என்று பேசி முடித்துவிட்டு, மீதியைத் தனித்தனியாக எடுங்கள். மதிப்பெண்ணைக் கட்டுரையின் பின்னால் எழுத வேண்டாம். தனித் தாளில் எழுதுங்கள். முந்தியவர் போட்டது கண்ணில் பட்டால் கப்பா தானாக ஏறிவிடும். எட்டும் பன்னிரண்டும் ஆன அந்த 20 கட்டுரையை மட்டும் மூன்றாவது ஆசிரியர் பார்த்தால் போதும்.